முதல் ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறவர்களுக்கு: என் 38,500 ரூபாய் போன கதை

கை இன்னும் படபடக்கிறது. நேற்று சாயங்காலம்தான் கிளப்பிலிருந்து அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்தால் அதற்குள் இன்னொருவர் மாட்டிக்கொள்வார். குறைந்த செலவில் முதல் ரைஃபிளும் பாகங்களும் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுட்டதை டிவியில் பார்த்ததிலிருந்து அவளுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான் எல்லாம். திருச்சியில் ஒரு கிளப்பில் ஒரு வருடமாகப் பழகுகிறாள். அங்கே ஒரு துப்பாக்கிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். முறை வந்து நிற்பதற்குள் நேரம் முடிந்துவிடும். வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள், அதாவது போட்டிக்கான ரைஃபிள், புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். நான் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவன். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. நல்ல பேரல் (குழல்) உள்ள பழைய ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்று, அதன் மேல் சின்னத் துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட், பின்னால் தோளில் ஊன்ற ஏற்றி இறக்கும் பட் பிளேட், இப்படிச் சேர்த்துக்கொண்டால் இரண்டு வருடம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆள்தான் தப்பு.

அவர் இணையத்தில் பழைய ஏர் துப்பாக்கியும் உதிரி பாகமும் விற்கிறவர். போர்டு வைத்த கடை கிடையாது. வீட்டிலேயே செட் செய்து பார்சலில் அனுப்புவதாகச் சொன்னார். எனக்கு முதலில் சந்தேகம்தான். அதைப் போக்கியது ஒரு வீடியோ அழைப்பு. "அண்ணே, விலையை விடுங்க, பாப்பாவக் கூப்பிடுங்க"ன்னார். அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, தோளிலிருந்து விரல் மடிப்பு வரை டேப்பால் அளக்கச் சொன்னார். அவள் அம்மா தையல் மிஷின் டேப்பை எடுத்து வந்து அளந்தாள். "ஸ்டாக்க, அதான் பின்கட்டைய, ஒரு இன்ச் குறைச்சாத்தான் பாப்பாவுக்குத் தோள் வலிக்காது. நான் பாத்துக்கறேன், என் பொண்ணு மாதிரி"ன்னார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற மனிதர் ஏமாற்றுவாரா? அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். மறுநாள் ஓர் இலக்குத் தாளின் படம் வந்தது. ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில். "உங்க துப்பாக்கிதான், இப்பத்தான் சுட்டுப் பாத்தேன்."

துப்பாக்கி 22,000. பீப் சைட் முன்னும் பின்னும் சேர்த்து 9,000. புது ஸ்பிரிங், புது வாஷர் போட்டு டியூனிங் 4,500. பட் பிளேட் 3,000. மொத்தம் 38,500 ரூபாய். முன்பணமாக 20,000, பேக்கிங் வீடியோ வந்ததும் 18,500 அனுப்பினேன். பில் கேட்டதற்கு, பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்றார். இல்லை.

பெட்டியை நாங்கள் வீட்டில் பிரித்தோம், சுடவில்லை. நேராகக் கிளப்புக்குக் கொண்டுபோனோம். முதல் குண்டு படார் என்று வெடித்த மாதிரி சத்தம் போட்டது, பேரல் வாயிலிருந்து புகை வந்தது. மகள் பயந்து பின்னால் நகர்ந்துவிட்டாள். கோச் வாங்கி முகர்ந்து பார்த்தார். "எண்ணெய் விட்டிருக்காங்க சார்" என்றார். தேய்ந்த வாஷரில் காற்று கசிவதை மறைக்க சிலிண்டருக்குள் எண்ணெய் விடுவார்களாம். அமுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு, முதல் சில குண்டுகள் மட்டும் வேகமாகப் போகும். பத்துப் பதினைந்து குண்டுக்குப் பிறகு குண்டு அட்டையில் போய்ச் சொத்தென்று விழுந்தது. 4,500 ரூபாய் டியூனிங் இதுதான்.

அப்புறம் பீப் சைட். துப்பாக்கியின் மேல் சைட்டை மாட்டுவதற்கு இருப்பது 11 மில்லிமீட்டர் ரெயில். சைட்டின் அடிப்பிடியோ அகல ரெயிலுக்கானது. இடைவெளியை அடைக்க குளிர்பான டின்னை வெட்டி மடித்துச் செருகியிருக்கிறார். கோச் திருகைத் தளர்த்தியதும் அந்தத் தகடு என் உள்ளங்கையில் விழுந்தது, ஒரு பக்கம் சிவப்புப் பெயின்ட்டோடு.

இதையெல்லாம்கூடச் சரிசெய்துகொள்ளலாம். பேரலைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. பத்து மீட்டரில் ஸ்டாண்டில் வைத்துச் சுட்டும் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. இந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டே 4.5 மில்லிமீட்டர். கோச் ஒரு புதுக் குண்டைப் பின்பக்கமிருந்து பேரலுக்குள் வைத்து, துடைக்கும் கம்பியால் மெதுவாகத் தள்ளினார். மறுபக்கம் வந்து விழுந்ததை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். மேலே ஒரு கோடுகூட இல்லை. உள்ளே ரைஃபிளிங், அதாவது குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகள், இருந்தால் குண்டின் பாவாடை மாதிரி விரிந்த பின்பக்க ஓரத்தில் வரிவரியாகக் கீறல் விழுந்திருக்க வேண்டும். இது வெறும் வழுவழுக் குழாய். இதை மேட்ச் பேரல் என்று சொல்லி என்னிடம் 38,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

அங்கிருந்தே போன் செய்தேன். "புது வாஷர்ணே, ஐநூறு குண்டு போட்டா செட் ஆயிடும்." குண்டில் கோடு விழவில்லையே என்றேன். "நீங்க போடற குண்டு சரியில்லை." கடைசியாகச் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: "பாப்பாவுக்குப் பிடிக்கத் தெரியலண்ணே, துப்பாக்கிய ஏன் குறை சொல்றீங்க?" ஸ்பீக்கரில் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பேரல் படத்தை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ராத்திரி "பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரு வரி. அதன் பிறகு பிளாக். ஆறு நாளாக அளவெடுத்துப் பேசிய மனிதர் ஆறு மணி நேரத்தில் மறைந்துவிட்டார்.

இன்று காலை இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசினேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மனசு ஓடவில்லை. தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். குண்டைத் தள்ளிக் கோடு பார்க்காமல் பழைய பேரலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அதை உங்கள் கண் முன்னால், நேரில் செய்ய வேண்டும். சைட் வாங்கும் முன் ரெயில் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். காற்று அடைக்கும் சிலிண்டர் உள்ள பழைய மேட்ச் ரைஃபிள் என்றால் சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியைப் பாருங்கள், காலாவதியானதைத் தலையில் கட்டுவார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க பேரல் துளை 4.5 மில்லிமீட்டர், குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூல் என்பதுதான் வரம்பு. "பவர் ஏத்தித் தர்றேன்" என்று எவன் சொன்னாலும் போனை வையுங்கள். பில் கையில் வராமல் இரண்டாவது தவணையை அனுப்பாதீர்கள்.

இதை எழுதும்போதே நண்பர் ஒருவர் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். வேறு பெயர், வேறு எண், "மேட்ச் பேரல், பிள்ளைகளுக்கு அளவெடுத்து செட் செய்து தரப்படும்", 34,000 ரூபாய். படத்தில் அதே இலக்குத் தாள், ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில், வலது கீழ் மூலையில் அதே டீ டம்ளர் கறை. அந்தத் தாளைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்.