சுளுக்கு வழிப்பதா, மாவுக்கட்டா, பெல்ட்டா?

மதுரைப் பக்கம் கபடி ஆடுகிற பையன் கரண்டைக்கால் மடங்கி விழுந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எண்ணெய் போட்டு வழித்துவிடலாம், மாவுக்கட்டு போடலாம், மருந்துக்கடையில் பெல்ட் வாங்கிக் கட்டலாம். நான் பெல்ட் பக்கம். காரணம் கிழிகிற ஜவ்விலேயே, அதாவது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாரிலேயே, இருக்கிறது.

வெளிப்பக்க மொளியில், அதாவது கரண்டையில் புடைத்திருக்கும் எலும்பில், மூன்று ஜவ்வுகள். பின்னால் இருப்பது தடியானது, லேசில் அறாது. குதிகால் எலும்புக்கு இறங்குவது கயிறு மாதிரி உருண்டையானது. முன்பக்கம் தாலஸ் எலும்புக்கு (குதிகால் எலும்புக்கு மேலே உட்கார்ந்திருப்பது) போவதுதான் மூன்றிலும் பலவீனம்: ஏறக்குறைய 2 செ.மீ. நீளம், 2 மி.மீ. கனத்தில் ஒரு தட்டைப் பட்டை. பாதம் தரையில் சமமாக இருக்கும்போது இது கிட்டத்தட்டக் கிடையாக இருக்கும். ரெய்டு போனவன் எம்பிக் குதித்து, விரல்கள் கீழ்நோக்க இறங்கும்போது, அதே பட்டை காலின் நேருக்கு வந்து விறைத்துக்கொள்கிறது. அந்த நொடியில் பாதம் உள்பக்கம் மடங்கினால் இழுப்பு முழுக்க அதன் மேல்தான். முதலில் அறுவது அதுதான். இழுப்பு மிஞ்சினால் அடுத்தது குதிகால் ஜவ்வு.

வழித்துவிடுவதை முதல் சில நாள் கட்டாயம் தள்ளிப்போடுங்கள். உள்ளே ரத்தம் கசிந்து வீங்கியிருக்கும். அழுத்தி உருவினால் கசிவு கூடும். எலும்பு விரிசல் விட்டிருந்தால் இன்னும் மோசம். மொளியின் பின்விளிம்பை அமுக்கினால் எலும்பிலேயே வலிக்கிறதா, நாலு எட்டு வைக்க முடியவில்லையா, முதலில் எக்ஸ்ரே.

மாவுக்கட்டை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். கால் ஊன்றவே முடியாத கடுமையான கிழிசலுக்கு ஒரு பத்து நாள் போட்டால் வலி அடங்கும். ஆனால் ஒன்றரை மாதம் என்றால் கெண்டைச்சதை மெலிந்து மூட்டும் இறுகிவிடும்.

முன்ஜவ்வு மூட்டு உறையோடு ஒட்டியது, ரத்த ஓட்டம் உள்ளது, பெரும்பாலும் தானாகவே கூடும். புதிதாக வளரும் நார்கள் சரியான திசையில் அடுக்கிக்கொள்ள அளவான இழுப்பு வேண்டும். பக்கவாட்டில் தாங்குபட்டை வைத்த பெல்ட் பாதம் உள்ளே மடங்குவதைத் தடுத்து, மேலும் கீழும் அசைய விடுகிறது. வெறும் எலாஸ்டிக் உறைக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அப்புறம், பெல்ட் மட்டும் போதாது. வலி குறைந்ததும் ஒற்றைக்காலில் நின்று பழக வேண்டும். பாதம் எப்படிச் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் அந்த ஜவ்விலும் இருக்கின்றன. அவையும் அடிபட்டிருக்கும்.

மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் கால் திரும்பத் திரும்ப மடங்கினால் அப்போது ஆபரேஷனை யோசிக்கலாம். 1966-ல் ஸ்வீடன் அறுவை மருத்துவர் புரோஸ்ட்ராம் வெளியிட்ட முறையை ஒட்டி, தொய்ந்த அதே ஜவ்வை இழுத்துத் தைக்கிறார்கள்.