வேர்ட்பிரஸில் என் ஓவியத் தளம்: ஒரு வருட அனுபவம்

நான் வாட்டர்கலர் வரைகிறவன். ஏழு வருடம் ஒரு சமூக ஊடகத்தை மட்டுமே நம்பி இருந்தேன், ஒரு நாள் காலையில் கணக்கு முடங்கிப்போனது, கூடவே நானூறு படமும், வாங்கியவர்களின் தொடர்பும். அப்புறம்தான் வேர்ட்பிரஸில் சொந்தத் தளம் போட்டேன்.

வேர்ட்பிரஸ் 2003இல் வந்த, வலைத்தளம் அமைக்கும் மென்பொருள், இலவசம்; டொமைனுக்கும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்)தான் வருடாவருடம் காசு. இங்கே நீளப் படத்தை யாரும் சதுரமாக வெட்டுவதில்லை, அளவு, தாள், விலை எல்லாம் படத்துக்குக் கீழேயே இருப்பதால் "ரேட் எவ்வளவு சார்?" தொல்லை பாதியாகக் குறைந்தது. கூகுளில் தேடினால் இப்போது நான்தான் முதலில் (என் பெயரிலேயே ஒரு பல் டாக்டர் இருக்கிறார், பாவம், அவர் இரண்டாவது).

ப்ளக்இன்களை (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்கள்) மட்டும் அப்டேட் செய்யாமல் விடாதீர்கள், தளம் ஹேக் ஆகலாம். ஹோஸ்டிங் பிடிக்கவில்லையா? மொத்தத்தையும் பேக்கப் எடுத்து வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், நான் ஒருமுறை மாற்றிவிட்டேன்.