குவெர்செட்டின்: டிஎம்எஸ்ஓவில் நிற்கும், மீடியத்தில் நிற்காது

விலை இறங்கியிருக்கிறதே, செல் வளர்ப்புச் சோதனைகளுக்குக் குவெர்செட்டின் (தாவரங்களில் உள்ள மஞ்சள் நிற ஃபிளேவனாய்டு) வாங்கி வைக்கலாமா என்று பக்கத்து ஆய்வகத் தோழி கேட்டார். பொடியில் குறை சொல்ல அதிகம் இல்லை. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் சட்டென்று கரைகிறது. ஃபிளேவனாய்டுகளை அளக்கும் அலுமினியம் குளோரைடு முறையில், 415 நானோமீட்டரில் ஸ்டாண்டர்டு கோடு (தெரிந்த செறிவுகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) போட இதைவிடத் தோதான சரக்கு எனக்குத் தெரியாது. லேபிளில் நீரற்றதா, டைஹைட்ரேட்டா (இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்தது) என்று மட்டும் பார்த்துவிடுங்கள். 10 மில்லிமோலார் ஸ்டாக்குக்கு (பிறகு நீர்க்கச் செய்து எடுக்கும் மூலக் கரைசல்), ஒரு மில்லிக்கு முன்னது 3.02 மில்லிகிராம், பின்னது 3.38. டைஹைட்ரேட்டை முன்னதன் கணக்கில் எடைபோட்டால் செறிவு சுமார் 11 சதவீதம் குறையும்.

ஸ்டாக்கைச் சிறுசிறு குழாய்களில் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20-ல் வைக்கலாம். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். முழுக்க உருகி, வோர்டெக்ஸ் கருவியில் சுழற்றிக் கலக்கிய பிறகே பிப்பெட்டை விடுங்கள்.

தீராத எரிச்சல் மீடியத்தில் (செல்கள் வளரும் திரவம்) சேர்த்த பிறகுதான். 37 டிகிரியில், நடுநிலைக்குச் சற்று மேலான பிஎச்சில், குவெர்செட்டின் மூலக்கூறின் பி வளையத்தில் உள்ள கேட்டகால் பகுதி (அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில்) தானாகவே ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை விடுகிறது. சில மணி நேரத்தில் மஞ்சள் பழுப்பாகும். 24 மணி நேர டோஸ் என்று எழுதிக்கொள்கிறோம். செல்கள் அத்தனை நேரமும் குவெர்செட்டினைப் பார்ப்பதில்லை. அவை சாவது பெராக்சைடாலும் இருக்கலாம். பைருவேட் உள்ள டிஎம்இஎம் மீடியம் அந்தப் பெராக்சைடைத் தின்றுவிடும், இல்லாதது தின்னாது. ஒரே டோஸுக்கு இரண்டு மீடியத்தில் இரண்டு முடிவு வருவது இப்படித்தான்.

இதற்கு மேல் எம்டிடி சோதனை. உயிருள்ள செல்கள் மஞ்சள் எம்டிடியை ஒடுக்கி ஊதாவாக்கும், அந்த ஊதாவை அளந்துதான் எத்தனை செல் பிழைத்தது என்று கணக்கிடுகிறோம். தட்டில் செல்லே இல்லாத கிணற்றிலும் (சிறு குழி) குவெர்செட்டின் எம்டிடியை ஒடுக்கி ஊதா நிறம் காட்டும். ஒரு பிழை செல்லைக் கொல்கிறது, இன்னொன்று அந்தச் சாவை மறைக்கிறது, அதுவும் ஒரே தட்டில்! ஆகவே செல்லில்லாக் கிணறு, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த கிணறு இரண்டும் கட்டாயம். எம்டிடி விடுமுன் மீடியத்தை உறிஞ்சிவிட்டுப் பிபிஎஸ் என்ற உப்புத் தாங்கல் கரைசலில் கழுவுங்கள். செல் புரதத்தைச் சாயமேற்றி அளக்கும் எஸ்ஆர்பி முறைக்கு மாறினால் இன்னும் நல்லது. அஸ்கார்பிக் அமிலம் சேர்த்துக் காப்பாற்றலாம் என்பார்கள். அதுவும் மீடியத்தில் பெராக்சைடு உண்டாக்கும்.

பொடிக்கு முழு மதிப்பெண். ஆனாலும் செல் தட்டுக்கென்று கேட்டால், இந்த விலையிலும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஸ்டாண்டர்டு கோட்டுக்கு ஒரு சின்னக் குப்பி போதும்.