மாமல்லபுரத்துல எங்கள ஃபாரினர் ஆக்குன கதை

போன டிசம்பர்ல சிட்னில இருந்து செங்கல்பட்டுக்கு வந்திருந்தப்ப பையன் ஆசைப்பட்டான்னு மாமல்லபுரம் போனோம். சின்ன வயசுல பஸ்ல போய் சுண்டல் தின்னுட்டு வந்த இடம், நமக்குத் தெரியாததான்னு ஒரு தெனாவெட்டு எனக்கு. கார்ல இருந்து இறங்குனதும் பையன் இங்கிலீஷ்ல ஏதோ கேட்டான் பாருங்க, அவ்ளோதான்.

கழுத்துல கார்டு மாட்டுன ஒருத்தர் வந்து, "சார் ஃபாரின் பாஸ்போர்ட்டா, டிக்கெட் தலைக்கு 600, மூணு பேருக்கு 1800, எங்கிட்ட 1500 குடுங்க லைன்ல நிக்காம கூட்டிட்டுப் போறேன்"ங்கிறாரு. 600ங்கிறது பொய்யில்ல, வெளிநாட்டுக்காரங்களுக்கு அதான் ரேட்டு, நம்மூர்க்காரங்களுக்கு 40. ஆனா ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்திய அரசு குடுக்குற கார்டு) இருந்தா நமக்கும் அந்த 40தான், 15 வயசுக்குக் கீழ டிக்கெட்டே கிடையாது, எம்பையனுக்கு 12. கவுன்டர்ல கார்டைக் காட்டுனேன், மறுபேச்சில்லாம 80 ரூபாயோட முடிஞ்சுது. அதே டிக்கெட்ல கடற்கரைக் கோயிலும் பாக்கலாம் ஐந்து ரதமும் பாக்கலாம், ரெண்டுக்கும் தனித்தனியா வாங்கணும்னு வெளிய சொன்னதும் புருடா.

ரோட்டோரமா இருக்குற அர்ச்சுனன் தபசு பாறையில ஒரு பூனை கையத் தூக்கி தவம் பண்ணும், காலடியில எலிங்க நம்பி நிக்கும். பையனுக்கு அதைக் காட்டி ருத்திராட்சப் பூனைன்னா என்னன்னு சொன்னேன், திரும்பிப் பாத்தா அந்த கார்டுக்காரரு இன்னொரு குடும்பத்தோட பேசிட்டிருக்காரு.

கடையில பிள்ளையார் 3500, "ஒரே கருங்கல் சார்"னாங்க. வீட்டுக்காரி அடியில நகத்தால கீறுனா, வெள்ளையா கோடு விழுந்துச்சு, மாக்கல்லு. நாங்க கார் கிட்ட வர்றதுக்குள்ள 700க்கு வந்துட்டாங்க. அப்புறம் உளிச் சத்தம் கேக்குற பட்டறையா தேடிப் போய் சின்னதா ஒண்ணு வாங்குனோம், அவரு மாக்கல்லை மாக்கல்லுன்னே சொல்லிக் குடுத்தாரு.

ஏமாந்தது மீன்லதான். தட்டுல வஞ்சிரத்தைக் காட்டி கிலோ கணக்குல விலை சொன்னாங்க, எடை போட்டதை நாங்க பாக்கல, வறுக்குற கூலி தனின்னும் சொல்லல. துண்டுச் சீட்டுல 3200ன்னு வந்துச்சு, கார்டு மிஷினும் ரிப்பேராம். வீட்டுக்கு வந்து சொன்னா அம்மா, "ஏண்டா, 3200க்கு நம்ம மீன்காரம்மா கூடையோட எறக்கிட்டுப் போயிருக்குமே!"