ஆள் எடுப்பது யார்: நிர்வாகமா, பயிற்சியாளரா?

சென்னையில் கூடைப்பந்து அணி நடத்தும் வங்கியோ கல்லூரியோ முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

ஆள் எடுப்பதையும் பயிற்சியையும் பிரித்து வைத்தால், அமெரிக்காவின் NBA கூடைப்பந்து அணி சிகாகோ புல்ஸ் கதைதான். நிர்வாகி ஜெர்ரி க்ராவ்ஸ் நட்சத்திர ஆட்டக்காரர் பிப்பனைக் கொண்டுவந்தார். பயிற்சியாளர் பில் ஜாக்சன் 6 கோப்பை வென்று தந்தார். அப்படிப்பட்டவரிடம், பருவத்தின் 82 ஆட்டமும் ஜெயித்தாலும் அடுத்த ஆண்டு இடமில்லை என்றார் க்ராவ்ஸ். 1998-இல் ஜாக்சன் போனார், அணியின் பெரிய நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானும் விலகினார். அடுத்த, சுருக்கப்பட்ட பருவத்தில் 50 ஆட்டத்தில் 13 வெற்றிதான். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இரண்டையும் ஒருவரிடமே சேர்த்துக் கொடுத்தால்? சான் அன்டோனியோ அணியில் மேலாளர் பாப்போவிச் 1996-இல் பயிற்சியாளரை நீக்கிவிட்டுத் தானே அமர்ந்தார், 1999-இல் கோப்பை. அதே இரட்டைப் பொறுப்பு டெட்ராய்ட் அணியில் ஸ்டான் வான் கண்டிக்குக் கைகொடுக்கவில்லை.

சரி, நம் ஊருக்கு? பிரித்தே வைக்கலாம். ஆனால் தேர்வுக் குழுவில் பயிற்சியாளருக்கும் ஒரு ஓட்டு வேண்டும், அதுவும் எழுத்தில்.