மெஷின் பெயரால் ஃபெயில் ஆகும் டெஸ்ட்: மறைப்பதா, நிலைப்படுத்துவதா, நாமே கொடுப்பதா?

கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. லேப்டாப்பில் பாஸ், பில்ட் சர்வரில் ஃபெயில். புரோகிராம் தரும் ரிப்போர்ட்டின் மேல்வரியில் ஹோஸ்ட்நேம், அதாவது மெஷினின் பெயர், அச்சாகிறதென்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழவேண்டும். மதுரையில் நான் வேலை பார்க்கும் இடத்தில் மெஷின்களுக்கு வைகை, அழகர், தெப்பம் என்றுதான் பெயர். 'வைகை'யில் ஓட்டி, சரியான அவுட்புட் இதுதான் என்று சேமித்த ஃபைலோடு, டாக்கர் கண்டெய்னரின் (புரோகிராமைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் சூழல்) அவுட்புட் ஒத்துப்போகாது. நாம் பெயர் கொடுக்காவிட்டால், கண்டெய்னர் ஐடியின் முதல் 12 எழுத்துகளே ஹோஸ்ட்நேம் ஆகிவிடும். புதுக் கண்டெய்னருக்குப் புதுப் பெயர்.

பலரும் முதலில் செய்வது மறைப்பு. ஒப்பிடும் முன் அவுட்புட்டில் மெஷின் பெயர் வரும் இடங்களையெல்லாம் ஒரு பொதுச்சொல்லாக மாற்றிவிடுவார்கள். புரோகிராமைத் தொடவே வேண்டாம், பத்து நிமிட வேலை. ஆனால் டிக்கெட் சாஃப்ட்வேரின் டெஸ்ட் டேட்டாவில் 'வைகை எக்ஸ்பிரஸ்' இருந்தால்? ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காமல் மாற்றும் ஸ்கிரிப்ட், 'வைகை' மெஷினில் ரயிலின் பெயரையும் சேர்த்து விழுங்கிவிடும். 'அழகர்' மெஷினில் அதே டெஸ்ட் பாஸ். ஒரு பொய்த் தோல்வியைத் தீர்க்கப்போய் இன்னொன்றை உண்டாக்கியாயிற்று. பெயரின் நீளத்தை வைத்து அட்டவணையின் அகலம் போடப்பட்டிருந்தால் இன்னும் மோசம்: பெயர் மறையும், கூடுதல் இடைவெளி மறையாது. மறைத்தே தீரவேண்டுமென்றால் அந்த ஒரு ஃபீல்டில் மட்டும் மறையுங்கள்.

கண்டெய்னருக்கு நிலையான ஹோஸ்ட்நேம் வைப்பது அடுத்த வழி. கண்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் டாக்கர் கம்போஸ் ஃபைலில் ஒரே வரி. திருத்த முடியாத பழைய புரோகிராமுக்கு இதுதான் சரி. பெயரை ஐபி முகவரியாக மாற்ற முடியாமல் விழும் டெஸ்ட்டுக்கும் இதுவே கைகொடுக்கும். ஜாவாவின் கெட்லோக்கல்ஹோஸ்ட் ஃபங்ஷன், மெஷின் பெயர் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் (மெஷினுக்குள்ளேயே உள்ள பெயர்-முகவரிப் பட்டியல்) டிஎன்எஸ்ஸிலும் (நெட்வொர்க்கின் பெயர்-முகவரிச் சேவை) இல்லாவிட்டால் எர்ரர் எறியும்; மறைப்பதால் அங்கே ஒரு பயனும் இல்லை. கண்டெய்னரின் ஹோஸ்ட்நேமை டாக்கரே ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவிடுகிறது. ஆனால் கண்டெய்னருக்கு வெளியே ஐடிஇ-யில் (கோடு எழுதி ஓட்டும் சாஃப்ட்வேரில்) நேரடியாக ஓட்டுபவருக்குப் பழைய கதைதான்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் பெயர் கேட்பது ஒரே இடத்தில் இருக்கட்டும். மற்ற ஃபங்ஷன்களுக்குப் பெயரைப் பாராமீட்டராக அனுப்புங்கள். டெஸ்ட்டில் நாம் விரும்பிய பெயரைக் கொடுக்கலாம். பைத்தானில் மாக் (நிஜ ஃபங்ஷனுக்குப் பதில் வைக்கும் போலி) வைத்தும் செய்யலாம், ஆனால் சாக்கெட் மாட்யூலிலிருந்து மெஷின் பெயரைக் கேட்கும் கெட்ஹோஸ்ட்நேமை மட்டும் ஒரு ஃபைல் நேரடியாக இம்போர்ட் செய்திருந்தால், சாக்கெட்டில் போட்ட மாக் அங்கே எட்டாது. அந்த ஃபைலில் உள்ள பெயரையே மாற்றவேண்டும். பாராமீட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு லாபம், வம்புப் பெயர்களையும் வேண்டுமென்றே சோதிக்கலாம். லினக்ஸ் ஏற்கும் 64 எழுத்துப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அண்டர்ஸ்கோர் உள்ள பெயரைக் கொடுங்கள்: ஜாவாவில் இணைய முகவரிகளைப் பிரித்துப் பார்க்கும் யுஆர்ஐ கிளாஸில் கெட்ஹோஸ்ட் 'நல்' (மதிப்பே இல்லை) என்று திருப்பும். ஒரே பெயரை நிலையாக வைத்தால் இந்தக் கோளாறுகள் கஸ்டமரிடம்தான் வெளிப்படும். கற்பனைப் பெயர் தேவைப்பட்டால் டாட் டெஸ்ட், டாட் இன்வாலிட் என்று முடியுங்கள். 1999-இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2606 இவற்றை ஒதுக்கியே வைத்திருக்கிறது, நிஜ டொமைனோடு மோதாது.

எந்த வழிக்குப் போகுமுன்னும், ஒரே டாக்கர் இமேஜை (கண்டெய்னர் உருவாகும் அச்சு) இரண்டு ஹோஸ்ட்நேமில் ஓட்டிப் பாருங்கள். ரிசல்ட் மாறாவிட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. டைம்ஸோனையும் லோக்கேலையும் (மொழி, தேதி வடிவ அமைப்பு) பார்க்க ஆரம்பிக்கலாம்.