‘செட்’ தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு நல்ல அகராதி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கில ட்யூஷன் எடுக்கிறேன். இவர்களுக்கு ‘செட்’ புதுச் சொல்லே இல்லை. தோட்டத்தில் பம்ப் செட், பாட்டிக்குப் பல் செட், ஓணத்துக்குச் செட்டு முண்டு. ஆனால் ‘ஹி செட் த பேர்ட் ஃப்ரீ’ (பறவையை விடுவித்தான்) என்று ஒரு வரி வந்ததும், “பறவைய எங்க வெச்சான் டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கையிலிருந்த குட்டி அகராதியில் ‘வை, அமை, தொகுதி’, அவ்வளவுதான். வேறு எப்படிக் கேட்பாள்?

அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான் ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி வாங்கினேன். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து உருவானது இது. 1942-இல் டோக்கியோவில் வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்போர்டுக்குப் போனது.

‘செட்’ பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மேலே சிறு தலைப்பு உண்டு: கடிகாரம், மேசை, எலும்பு, இறுகுதல், சூரியன் என்று. முதலிலிருந்து கடைசிவரை படிக்கத் தேவையில்லை. வாக்கியத்தில் செட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அலாரமா, கான்கிரீட்டா, ஒடிந்த கையா என்று பார்த்து, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். இந்த ஒரு வசதிக்கே காசு கொடுக்கலாம்.

அப்புறம், இறந்தகாலத்திலும் ‘செட்’ மாறாது என்பதை ஆரம்பத்திலேயே போட்டுவிடுகிறார்கள். ‘ஷி செட் த டேபிள்’ என்பதில் ‘ஸ்’ இல்லையே, அப்படியானால் அது நடந்து முடிந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். செட் ஆஃப், செட் அப், செட் இன் எல்லாம் கடைசியில் தனியாக இருக்கின்றன. இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது என்கிறோமே, அதுதான் ‘செட் இன்’ என்றதும் வகுப்பு முழுக்கத் தலையாட்டியது.

ஆக்ஸ்போர்டின் பெரிய அகராதி வேறு. அதன் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லை விளக்கவே சுமார் 60,000 சொற்கள் ஆகியிருக்கின்றன. தனிச் சொல்லாக மட்டும் 430 பொருள்கள். 2011-இல் ‘ரன்’ 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. பள்ளிப் பிள்ளைக்கு அது தாங்காது. எது தேவையோ அதை எடுத்து, எளிய ஆங்கிலத்தில், எடுத்துக்காட்டோடு தருவதுதான் இந்தப் புத்தகத்தின் அருமை.

தமிழில் பொருள் இருக்காது. அதனால் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துப் பயனில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் சரியாக இருக்கும். ஆளுக்கொன்று வாங்க எல்லா வீட்டிலும் முடியாது, ஒரு வகுப்புக்கு ஒன்று போதும்.

பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பு கிடைத்தாலும் தயங்காமல் எடுக்கலாம். ‘செட்’ வரும் பக்கத்தைத் திறந்து, அந்தச் சிறு தலைப்புகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பதிப்பு வேண்டாம்.